தன்பாலீர்ப்பாளர் வரலாறு: காட்சிப் பொருளா, சாட்சியமா?

புது தில்லி: தலைநகரின் தெற்கே, குதுப் மினாருக்கு அருகில் உள்ள மெஹ்ரோலி கடைவீதியின் நெரிசலுக்கு நடுவே, வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் நிறைந்த சிறிய வளாகம் ஒன்று உண்டு. ஹிஜ்ரோன் கா கான்காஹ் என்று அழைக்கப்படும் இந்த இடம் லோடி மன்னர்கள் காலத்தது. இங்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்கள் திருநங்கையர். பழைய தில்லியின் துர்க்மான் கேட் பகுதித் திருநங்கையர்தாம் இதனைப் பராமரித்து வருகின்றனர். அருங்காட்சியகங்களுக்குப் பஞ்சமில்லாத தில்லியில், பாலினச் சிறுபான்மையினரின் கடந்த காலத்தைக் கண்ணால் காண வேண்டுமெனில் முதலில் செல்ல வேண்டிய இடம் இதுவே.

அண்மை ஆண்டுகளில் திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளர்களும் தங்கள் வரலாற்றைத் தாங்களே திரட்டவும், அதைக் காட்சிக்கு வைக்கவும், பாரம்பரிய நடைப்பயணங்கள் நடத்தவும் முற்பட்டுள்ளனர். இதனை விழாக் கொண்டாட்டம் என ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளையும் நாடாளுமன்ற நடவடிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், இத்தகைய கண்காட்சிகளின் தேவை வேறு விதமாகப் புலப்படும்.

தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதனை ரத்து செய்தது. அப்போது கூறப்பட்ட காரணங்களில் ஒன்று இங்கே முக்கியமானது. 150 ஆண்டுகளுக்கும் மேலாக இப்பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 200 பேருக்கும் குறைவு. அரசு அமைப்புகள் பாரபட்சம் காட்டிய சம்பவங்களின் விவரங்களை மனுதாரர் தரத் தவறிவிட்டார் என்றது அமர்வு. அதாவது, பதிவு இல்லை என்பதே துன்பம் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

பதிவே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. இருந்த பதிவுகள் காவல் துறையின் கையில் இருந்தன. 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரின் பெயர்களையும் உடைமைகளையும் பதிவேட்டில் எழுதி வைக்க வகை செய்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டோர் பொது இடத்தில் பெண் உடையில் தோன்றினாலோ ஆடிப் பாடினாலோ இரண்டாண்டு வரை சிறை. அவர்கள் உயில் எழுதவும், பிள்ளைகளைத் தத்தெடுக்கவும் உரிமை இழந்தனர். வரலாற்றாய்வாளர் ஜெசிகா ஹிஞ்சி 2019-இல் வெளியிட்ட நூல் இந்த ஆங்கிலேய ஆட்சிக் கால ஆவணங்களைத் துருவி ஆராய்ந்துள்ளது. அந்த ஏடுகளில் இருப்பவை பெயர், உடைமை, கண்காணிப்புக் குறிப்பு. அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டவை அவற்றில் கிடைப்பது அரிது.

இந்த இடைவெளியைத்தான் சமூகத்தினரின் சொந்தச் சேகரிப்புகள் நிரப்ப முயல்கின்றன. தில்லியைப் பொறுத்தவரை கையில் உள்ளவை சொற்பமே ஆயினும் கனமானவை. எய்ட்ஸ் பாரபட்ச எதிர்ப்பு இயக்கம் என்ற சிறு குழு, இந்தியாவில் தன்பாலீர்ப்பாளர்களின் நிலை குறித்து 1991-இல் குடிமக்கள் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கன்னாட் பிளேஸ் மத்தியப் பூங்காவில் சந்தேகத்தின் பேரில் ஆண்களைப் பிடித்துச் சென்ற காவல் துறையைக் கண்டித்து, 1992 ஆகஸ்ட் 11-ஆம் தேதி காவல் தலைமையகம் முன் போராட்டம் நடத்தியதும் அதே குழுதான். "ஃபயர்" திரைப்படம் ஓடிய திரையரங்குகள் 1998 டிசம்பரில் தாக்கப்பட்டபோது, ரீகல் திரையரங்கின் வாசலில் மெழுகுவர்த்தியுடன் கூடியவர்களிடையே, தாம் இந்தியரும் பெண்பாலீர்ப்பாளரும் என்று அறிவித்த ஒரு பதாகை இருந்தது. இரண்டும் ஒருங்கே பொருந்துமா எனப் பலரும் வியந்த காலம் அது.

கொல்கத்தாவில் 1999 ஜூலை 2-ஆம் தேதி சுமார் 15 பேர் மஞ்சள் நிற பனியன் அணிந்து "நட்பு நடை" சென்றனர். சரியாகப் பத்தாண்டு கழித்து அதே தேதியில் தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது தற்செயலே. எனினும் அந்த மஞ்சள் பனியனுக்கு அதனால் ஒரு தனி மதிப்பு.

நாடாளுமன்றத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தது. 2014 ஏப்ரலில் திருநங்கையரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்த உச்ச நீதிமன்றம், இதிகாசங்கள், முகலாயர் அரண்மனைகள், தமிழகத்தின் அரவான் வழிபாடு ஆகியவற்றையெல்லாம் எடுத்துக்காட்டியது. மறு ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை தனிநபர் மசோதா மாநிலங்களவையில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அதே 2015-இல் டிசம்பர் 18-ஆம் தேதி, 377-வது பிரிவைத் திருத்த காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் மக்களவையில் மசோதா அறிமுகம் செய்ய அனுமதி கோரியபோது 24 பேர் ஆதரித்தனர், 71 பேர் எதிர்த்தனர். 2016 மார்ச்சில் மீண்டும் முயன்றார். 14-க்கு 58 என்று தோற்றார். அறிமுகமே மறுக்கப்பட்டதால், மசோதாவின் மீது விவாதம் நடக்கவே இல்லை. கோயில் திருவிழாவிலும் புராணத்திலும் இடம்பெற்றவர்களுக்காகப் பேசுவது உறுப்பினர்களுக்கு எளிதாக இருந்தது; மறைந்து வாழ்ந்தவர்களுக்காகப் பேச அவர்களிடம் கதை ஏதும் இல்லை.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு 2013-இன் தீர்ப்பைத் தள்ளி வைத்தது. தாமதமாகக் கிடைத்த நீதிக்காக இம்மக்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருப்பதாக நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதை அமலுக்கு வந்ததால், 377 என்ற எண்ணும் பழைய சட்டப் புத்தகத்தோடு போயிற்று.

ஆனால் சான்று கேட்கும் வழக்கம் போகவில்லை. ஒருபாலினத் திருமண வழக்கில் 2023-இல் மத்திய அரசு வைத்த வாதம், இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்பது. அரசிடம் அதற்கான புள்ளிவிவரம் உண்டா எனத் தலைமை நீதிபதி சந்திரசூட் விசாரணையின்போதே வினவினார். இருப்பினும் திருமணம் அடிப்படை உரிமையல்ல என்று 2023 அக்டோபர் 17-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முடிவெடுக்கும் பொறுப்பை நாடாளுமன்றத்திடமே விட்டது.

கண்காட்சி நடத்துவோர் கவனிக்க வேண்டியது இங்கேதான் உள்ளது. பெங்களூரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் "காம்ரா" காப்பகம் போன்ற முயற்சிகள் பாராட்டுக்குரியவை. எனினும் ஆங்கிலம் அறிந்த பெருநகர இயக்கங்களின் துண்டறிக்கைகளும் புகைப்படங்களுமே எளிதில் சேர்கின்றன. சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள் கடிதங்களைத் தாங்களே எரித்தனர், அல்லது குடும்பத்தார் எரித்தனர். பழைய புகைப்படத்தில் இருப்பவர் இன்று பேரன் பேத்தி எடுத்தவராக இருக்கலாம். அவர் இசைவின்றி அவர் முகத்தைச் சுவரில் மாட்டுவது, பதிவேட்டில் பெயர் எழுதிய 1871-ஆம் ஆண்டுக் காவலர் செய்ததற்கு வெகு தொலைவில் இல்லை.

மேட்டுக்குடி என்ற வாதத்துக்கான விடையும் அத்தகைய ஊர்களிலிருந்தே கிடைக்கும். 1987-இல் மத்தியப் பிரதேசத்தில் பெண் காவலர்கள் இருவர் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டு, அதன் காரணமாக வேலையை இழந்தனர். இருவரும் மேட்டுக்குடியினர் அல்லர். ஆங்கில இதழ்களைப் படித்து இதைக் கற்றவர்களும் அல்லர். அவர்களது கதை முதலில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டிய இடம் தில்லி அல்ல, போபால்.