மூலிகை மூலை: யன்னலோரக் கற்பூரவள்ளி

ரொக்ஸ்பரோவுக்கு வந்த முதல் மாரியில் எங்கள் எட்டுமாதப் பிள்ளைக்கு இருமல். பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்பூரவள்ளி இலை கேட்டோம். "தேனோடை குடுக்கப் போறியளோ? வேண்டாம்" என்று தடுத்துவிட்டார். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் பெருகி நஞ்சாகும், காய்ச்சினாலும் சாகா. கைக்குழந்தைக்குக் கைமருந்தை விட்டு 811 ஐ அழையுங்கள், தாதி வழி சொல்வார். மூச்சுத் திணறினால் 911.

பெரியவர்களின் தடிமனுக்கு இரண்டு இலையை அவித்துக் குடிக்கலாம், தொண்டைக்கு இதம்.

கற்பூரவள்ளி துளசிக் குடும்பச் செடி. தடித்த இலையில் மென்மயிர் இருக்கும், ஓரம் பல்வெட்டு, பூ இளம் ஊதா. ஓமத்துக்கு மணம் தரும் தைமோல் இதிலும் உண்டு. அதனால்தான் ஓமவல்லி என்றும் சொல்வார்கள்.

விதை தேவையில்லை. நாலு விரல் நீளக் கொப்பை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். தண்ணீர் கூடினால் அழுகும். உறைபனி தாங்காது. செப்டெம்பர் முடியுமுன் சாடியை உள்ளே எடுத்து, வெயில் படும் யன்னலில் வையுங்கள்.

அக்கா தந்த கொப்பு இப்போது எங்கள் வீட்டில் மூன்று சாடியாகிவிட்டது. தேவையானவர்கள் கேளுங்கள், முறித்துத் தருகிறோம்.