உப்பும் ஒளியும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. அவ்வுப்பின் கூறாகிய சோடியம் இன்று மின்சாரத்தைச் சேமிக்கும் கலத்துக்கும் மூலப்பொருளாகியுள்ளது. இதனைப் பிறநாட்டுப் புதுமையென வியந்துவிட்டு அப்பாற் செல்லுதல் நமக்குத் தகாது.

கைப்பேசியிற் பயன்படும் இலிதிய அயன் மின்கலம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அயன்கள் இரு மின்வாய்களுக்கிடையே போய்வருதலால் அது மின்னை ஏற்கவும் ஈயவும் வல்லதாகிறது. சோடிய அயன் மின்கலம் தொழிற்படும் முறையும் அதுவே. ஆயின், மூலப்பொருளின் வேற்றுமை சிறிதன்று. ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 11 கிராம் சோடியம் உண்டு. இலிதியமோ ஒரு மில்லிகிராமின் ஐந்திலொரு பங்குமில்லை. மேலும், இலிதிய மின்கலத்துக்கு வேண்டிய செம்புத் தகட்டின் இடத்தில், இதற்கு விலைகுறைந்த அலுமினியமே அமையும்.

குறையையும் கூறுதல் முறை. சோடியம் இலிதியத்திலும் நிறை மிக்கது. ஆதலின் ஒரே அளவு மின்னைத் தாங்கும் சோடிய மின்கலம் பருத்தும் கனத்தும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் பின் இலிதியத்தின் விலை வீழவே, சோடியத்தின் மலிவென்னும் சிறப்பும் குன்றியது. எனினும், கனம் தடையாவது ஓடும் வண்டிக்கேயன்றி, ஓரிடத்தில் நிலைத்திருக்கும் சேமிப்பு நிலையத்துக்கன்று. சீனாவின் ஹூபே மாகாணத்தில் 100 மெகாவாற்று மணி கொள்ளும் சோடிய மின்சேமிப்பு நிலையமொன்று 2024இல் இயங்கத் தொடங்கியமை இதற்குச் சான்று.

நம் நாட்டின் நிலை யாது? 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்தமையால், கூரைமேலுள்ள சூரிய மின்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. பகலில் வெயிலை வீணாக்கி, இரவில் எண்ணெயும் நிலக்கரியும் எரித்தல் அறிவுடைமையாமோ? பகலொளியை இரவுக்குச் சேர்த்துவைக்கும் கலமே நமக்கு வேண்டுவது. அதற்குக் கனம் ஒரு குறையன்று.

மூலப்பொருளும் நம்மிடம் உண்டு. ஆனையிறவில் உப்பு விளைகிறது. எதிர்மின்வாய்க்கு வேண்டிய வன்கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் ஆக்கலாம். ஆனால், உப்பைக் குவித்த மாத்திரத்தே மின்கலம் ஆகிவிடாது. உப்பைச் சோடியங் காபனேற்றாக மாற்றும் இரசாயன அறிவும், அதனைத் தூய்மைசெய்யும் தொழிற்றிறனும் வேண்டும். அவை இல்லாதவிடத்து, உப்பையும் கரியையும் மலிவாக விற்று, மின்கலத்தைப் பெருவிலைக்கு வாங்குவோராகவே இருப்போம்.

தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்பார் உளர். தாய்மொழியில் விளங்காத விஞ்ஞானம் ஊரிற் கைத்தொழிலாக வேரூன்றாது என்பதே எமது விடை. விழாக்காலத்திற் கட்டடத்துக்கு நிதி வழங்கும் பழைய மாணவர்கள், கல்லூரியின் இரசாயனகூடத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்களாக. அலுமினியத் தாளும் கரியும் உப்புநீரும் கொண்டு மாணவன் சிறு மின்கலமொன்றைத் தன் கையால் ஆக்கலாம். அது சோடிய அயன் மின்கலம் அன்று. ஆயினும் அக்கல்விக்கு அரிச்சுவடியாகும். அவ்வரிச்சுவடி நம் பிள்ளைகள் எல்லோர்க்கும் கிடைக்க வேண்டும்.