முதுகில் ஊசியா? பயம் எதற்கு?

கீழப்பாவூர் வட்டாரத்தில் பீடித் தட்டோடு உட்கார்ந்தே காலம் கழித்த தாய்மார்கள் எத்தனை பேர்! முழங்கால் தேய்ந்து மூட்டு மாற்றச் சொன்னால், கத்தியை விட முதுகு ஊசிக்குத்தான் அஞ்சுகிறார்கள். "ஆயுசுக்கும் முதுகுவலி" என்று அக்கம்பக்கம் கிளப்பிவிடுகிறது. உடனே, "முழு மயக்கமே கொடுங்கள்" என்கிறார் மகன்.

சகோதரர்களே! தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது. சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழ் மரத்துவிடும். தொண்டையில் குழாய் இல்லை. நோயாளி தாமே மூச்சு விடுகிறார். ரம்பச் சத்தம் கேட்குமே என்றால், லேசான தூக்க மருந்தும் உண்டு.

1898-ல் ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர் இதைத் தம் உடம்பிலேயே சோதித்தார். பிறகு தலைவலியில் படுத்தது தனிக்கதை! இன்றைய மெல்லிய ஊசியில் அது குறைவு. 2019-ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று ஆய்வுகளை அலசி, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு முழு மயக்கத்தை விட இந்த முறையையே பரிந்துரைத்தது. நுரையீரல், சிறுநீரகச் சிக்கல்கள் இதில் குறைவாம்.

எல்லோருக்கும் பொருந்தாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் முன்பே சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனைக் குழுவினரே, கையெழுத்துக் காகிதத்தை நீட்டும் முன் நம் பேச்சிலேயே கால் மணி நேரம் விளக்குங்கள். வியாபாரத் தம்பிகளே, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு உம்மாவோடு போய் மயக்க மருத்துவரை நேரில் கேளுங்கள்.