இலங்கைப் பயணத்தைக் காற்று தீர்மானிக்கட்டும்

இலங்கைக்குச் சுற்றுலா போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இப்போது அங்கே மழையா?" என்றுதான். வடக்கு தெற்காக 430 கிலோமீட்டர் மட்டுமே நீளும் தீவுக்கு இந்தக் கேள்வி போதும் என்று தோன்றும். போதாது. எந்தக் கரைக்கு, எந்த மலைச்சரிவுக்கு என்றும் சேர்த்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

காரணம், தீவின் நடுவே சற்றுத் தெற்கே தள்ளி எழுந்து நிற்கும் மலைநாடு. அதன் உச்சியான பேதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலைகளில் மோதி, மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலை ஏறி இறங்கும்போது காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. கிழக்குக் கரையைச் சுடும் அந்த வறண்ட காற்றுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் கச்சான். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். வங்கக்கடலிலிருந்து வரும் வாடை வடக்கையும் கிழக்கையும் நனைக்க, தென்மேற்குக் கரையிலுள்ள காலியிலும் பெந்தோட்டையிலும் வெயில் அடிக்கிறது.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் இது கண்ணெதிரே தெரியும். பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கம்; இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. ஜூலையில் சாரலும் மூடுபனியுமாகச் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில், பல நாட்களில் பளிச்சென்ற வெயிலில் வெளியே வரும். தேயிலையின் மணமும் இந்தக் காற்றுக்குக் கட்டுப்பட்டதே. ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், மேற்குச் சரிவின் திம்புள்ளைத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலும் சிறக்கும்.

இத்தனை இருந்தும், கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்ற ஒரே சுற்றைத்தான் பல பயண நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் விற்கின்றன. இது பயணிக்கும் நட்டம், கிழக்குக் கரையில் பிழைப்பு நடத்துவோருக்கும் நட்டம். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலைக்கு அப்பால் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். அறுகம்பையில் அலைச்சறுக்கு தொடங்கிவிடும். இன்னும் சில மாதம் கழித்துப் போக முடிந்தால், மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தில் நீர் வற்றி, கரையில் இளம்புல் முளைத்திருக்கும். அதை மேய நூற்றுக்கணக்கான காட்டு யானைகள் கூடும். ஆசியாவிலேயே இப்படியொரு காட்சி அபூர்வம்.

வடக்கே யாழ்ப்பாணம் வேறு உலகம். மலையும் கிடையாது, வற்றாத ஆறும் கிடையாது. வாடை கொண்டுவரும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தங்குகிறது. அதுதான் கிணற்றுநீர், அதுதான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாயும் நீர். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். விடுதிக் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு பயணியும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டிய காலம் என்று ஒன்று உண்டென்றால், அது அக்டோபரும் நவம்பரும். இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்த வாரங்களில் வங்கக்கடலில் தாழ்வுநிலைகள் உருவாகின்றன. மலைநாட்டில் மண் சரிகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அந்த மாதங்களில் கட்டாயம் போக வேண்டியிருந்தால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்த பிறகே மலையேறுங்கள்.

மே விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்கிறீர்களா? முகவர் பெந்தோட்டையை நீட்டினால், திருகோணமலையைக் கேட்டு வாங்குங்கள்.