இடது போக, முதலில் வலது

வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் ஏன் சாய்கிறார்? பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் இதற்குச் சூத்திரத்தோடு விடை இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு. விடையில் தப்பில்லை. பாதிதான் இருக்கிறது என்பதே என் குறை.

அந்தப் பாதி இதுதான். வண்டி வளைய வேண்டுமானால் எதுவாவது அதை உள்பக்கம் தள்ள வேண்டும். தள்ளுவது தார்ச்சாலை, உராய்வின் வழியாக. ஆனால் அந்தத் தள்ளல் விழுவது டயரின் அடியில். அடியை மட்டும் உள்ளே தள்ளினால் மேலே உட்கார்ந்திருப்பவர் வெளிப்பக்கம் கவிழ்வார். அதற்கு ஈடுகட்டத்தான் உள்பக்கச் சாய்வு: எடை உள்ளே கவிழ்க்கப் பார்க்கும், உராய்வு வெளியே கவிழ்க்கப் பார்க்கும், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். 5 மீட்டர் ஆரமுள்ள தெருமுனையில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சுமார் 27 டிகிரி சாய வேண்டும். கேரியரில் அரிசி மூட்டை இருந்தாலும் அதே 27தான்; சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை. அதே முனையில் வேகம் இரட்டிப்பானால் 64 டிகிரி வேண்டும்; அதற்கு வெகு முன்பே டயர் வழுக்கிவிடும். மணல் கொட்டிக் கிடந்தால் 27க்கே வழுக்கலாம்.

சரி, இந்தச் சாய்வைத் தொடங்கிவைப்பது எது? யாரைக் கேட்டாலும் "இடது பக்கம் போகணும்னா ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்புவேன்" என்பார்கள். ஓடும் சைக்கிளில் அப்படி மட்டும் செய்தால் டயர் இடப்பக்கம் ஓடிவிடும், ஆள் வலப்பக்கம் விழுவார். உண்மையில் கை முதலில் ஹேண்டில்பாரை ஒரு துளி வலப்பக்கம் திருப்புகிறது. டயர் வலப்பக்கம் நழுவ, உடம்பு இடப்பக்கம் சாய, அதன் பிறகே ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்புகிறது. நம்பாதவர்கள் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் சைக்கிளை ஓட்டி வெளியே வந்து, கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டு, முன்சக்கரத்தின் ஈரத்தடத்தைப் பார்க்கலாம். விமானம் செய்வதற்கு முன் ஒஹாயோவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர், இடப்பக்கம் திரும்புவது எப்படி என்று பலரிடம் கேட்டிருக்கிறார். கேட்டதும் முழுசாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லையாம். ஓட்டத் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும்!

நடைபாதைக் கட்டையை உரசினாற்போல ஓட்டும்போது விலகவே முடியாமல் சைக்கிள் ஒட்டிக்கொண்டே போவதும் இதனால்தான். வலப்பக்கம் விலக, முதலில் இடப்பக்கம் ஒரு துளி போக வேண்டும். அங்கேதான் கட்டை நிற்கிறதே.

இன்னொன்று. சாய வேண்டியது சைக்கிளும் அல்ல, ஆளும் அல்ல. இரண்டும் சேர்ந்த எடையின் மையம். குரங்குப் பெடல் போடும் பிள்ளையைப் பாருங்கள். வலது காலை பாருக்கு அடியில் நுழைத்து, உடம்பு இடப்பக்கம் தொங்க, நேர் ரோட்டிலேயே சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து போகும். இடது வளைவில் சைக்கிள் கிட்டத்தட்ட நிமிர்ந்துகொள்ளும், பிள்ளைதான் இன்னும் தாழ்வாகத் தொங்கும். வலது வளைவில் நிலைமை தலைகீழ். ஏற்கெனவே சாய்ந்த வண்டி இன்னும் சாயும். மெதுவாகத் திரும்பாவிட்டால் வலது பெடல் தரையில் உரசும்.