தமிழன் கையிலுள்ள தாளில் தமிழ் எங்கே?

பெரம்பலூர் மாவட்டத்து இலப்பைக்குடிகாட்டிலும் வ.களத்தூரிலும், அரியலூர் மாவட்டத்துச் செயங்கொண்டம், உடையார்பாளையம், செந்துறைப் பகுதிகளிலும் 'விசா வந்துவிட்டது' என்னும் ஒரு செய்தி, ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வாழ்வை ஒரே நாளில் புரட்டிப்போட வல்லது. அச்செய்தி வந்த அன்றே தாலிக்கொடி ஈட்டுக்குப் போகின்றது. வானம் பார்த்த கொல்லை எழுதிக் கொடுக்கப்படுகின்றது. வட்டிக்கு வாங்கிய பணம் முகவனின் கைக்கு மாறுகின்றது. வந்தது எது, அஃது எதற்கு இசைவு தருகின்றது, எத்தனை நாளைக்கு, யாருடைய பொறுப்பில் என்னும் வினாக்களை எழுப்புவார் மிகச் சிலரே. எழுப்பினாலும் விடை சொல்ல அந்தத் தாளில் தமிழ் இல்லை.

அயல்நாடு செல்வதைக் குறை கூறுவார் எவரும் இரார். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் நிலம் மழை பொய்த்த ஆண்டில் கூலிக்கும் வழியற்றுக் கிடக்கின்றது. அரியலூர் மண்ணின் அடியில் சுண்ணக்கல் குவிந்து கிடக்கின்றது. அதைச் சுட்டுச் சிமிட்டியாக்கும் ஆலைகளும் நிறைந்துள்ளன. எனினும் அந்த மண்ணின் மைந்தன் செங்கல் அடுக்கவும் கம்பி வளைக்கவும் துபாய்க்கும் தோகாவுக்கும் பறக்கின்றான். பறப்பது அவன் உரிமை. தான் எதன்மேல் ஏறிப் பறக்கின்றோம் என்பதை அறியாமல் பறப்பதே கேடு.

'விசா' என்பது இலத்தீன் மொழிச் சொல். 'பார்க்கப்பட்ட தாள்' என்னும் தொடரின் ஒரு பாதியே இன்று உலகெங்கும் வழங்கி வருகின்றது. அது யாரால் பார்க்கப்பட்டது, பார்த்தபின் என்ன இசைந்தார் என்பவற்றுள் எதனையும் அச்சொல் தமிழனுக்கு உணர்த்தாது. இதைத் தமிழில் எண்ணிப் பார்த்தால் மூன்று வேறு பொருள்கள் பிரிந்து நிற்கக் காணலாம். ஒரு நாட்டின் எல்லைக்குள் கால் வைக்க இசைவது நுழைவிசைவு. அங்கே கூலி பெற்று உழைக்க இசைவது பணியிசைவு. அங்கே வீடெடுத்துக் குடியிருக்க இசைவது உறைவிசைவு. இம்மூன்றுக்கும் மேலே, எவரும் வெளியேற்றவொண்ணாத குடியுரிமை தனியே நிற்கின்றது. இந்நான்கும் ஒன்றல்ல, ஒன்று கிடைத்தால் மற்றொன்று தானே வாராது.

மக்கள் வழக்கிலோ எல்லாமே 'விசா'. முகவனுக்கு இந்தக் குழப்பமே முதல். முப்பது நாளோ அறுபது நாளோ ஊர் சுற்றிப் பார்க்கத் தரும் வருகை நுழைவிசைவைக் கையில் கொடுத்து, 'விசா கிடைத்துவிட்டது' என்கின்றான். அவன் கூறியது பொய்யும் அன்று. நுழைவிசைவு கிடைத்தது உண்மைதான். உழைக்க இசைவு கிடைக்கவில்லை என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. நாள் முடிந்தபின் அவ்விளைஞன் அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளி. கூலி கேட்டால் காட்டிக்கொடுப்பர். நோயுற்றால் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சுவான். ஊர் திரும்பவும் தண்டத்தொகை கட்டவேண்டும். அமீரகம் 2018-இலும் 2024-இலும் அறிவித்த பொதுமன்னிப்புக் காலங்களுக்காக இப்படிச் சிக்கியவர்கள் காத்துக்கிடந்தனர். படிக்காதவர்க்கே இக்கேடு என்று எண்ணுவதற்கும் இல்லை. 2022-இல் தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு, மியன்மாவின் மியாவதியில் இணைய ஏமாற்றுக் கும்பல்களிடம் அடைபட்டு மீட்கப்பட்டனர். அவர்களுள் பட்டம் பெற்றோரும் இருந்தனர். 'நுழைவிசைவு தந்தாய், பணியிசைவு எங்கே?' என்று கேட்கும் சொல் அவர்கள் வாயில் இருந்திருப்பின், வானூர்தி ஏறுமுன்பே அப்பொய் உடைந்திருக்கும்.

இதே நிலம் இதற்கு முன்னும் இவ்வகைத் தாள் ஒன்றைக் கண்டதுண்டு. அது தாளும் அன்று, தகரம். பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்த நாளில், வெள்ளைத் தோட்டக்காரர்கள் 1904-இல் திருச்சிராப்பள்ளியிலேயே இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தை நிறுவி ஆள் திரட்டினர். கங்காணி பிடித்த கூலியாள் ஒவ்வொருவரிடமும், தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று தரப்பட்டது. தொடர்வண்டியிலும் கப்பலிலும் வழித்தங்கலிலும் அத்துண்டைக் காட்டினால் போதும்; அவனை உரிய தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவர். செலவு அவன் கணக்கில் கடனாக ஏறும். அத்துண்டில் அவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, எத்தனை ஆண்டு என்பதும் இல்லை. எந்த முதலாளிக்கு உரியவன் என்பது மட்டும் இருந்தது.

அத்தகரம் உழைக்கத்தான் இசைந்தது, உறைய இசையவில்லை என்பது பின்னர்த்தான் தெரிந்தது. மூன்று தலைமுறை தேயிலைக்குக் குருதி பாய்ச்சியபின், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல்லாயிரம் பல்லாயிரவரை நாடற்றவராக்கியது. 1964 அக்தோபர் 30-இல் சாத்திரியும் சிறிமாவோவும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 9,75,000 மாந்தரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. பணியிசைவை உறைவிசைவென்று நம்பிய மக்கள் செலுத்திய விலை அது.

வளைகுடா நாடுகளின் இன்றைய முறைக்கும் அத்தகரத்துக்கும் உறவு மிக நெருக்கம். அங்கே ஒருவன் தங்கியிருப்பது நாட்டின் இசைவால் என்பதினும், பொறுப்பேற்ற முதலாளியின் இசைவால் என்பதே பொருந்தும். இதனை அரபு மொழியில் 'கபாலா' என்பர். சவூதியில் 'இக்காமா' எனப்படும் உறைவிசைவட்டை வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் உறைவும் முடிந்தது. தொழிலாளி ஓடிவிட்டான் என்று முதலாளி பதிவு செய்துவிட்டால், கூலி பெறாமல் நின்றவனே குற்றவாளியாகின்றான். மாற்றங்கள் நேராமல் இல்லை. கத்தார் 2018-இலிருந்து பெரும்பாலான தொழிலாளர்க்கு வெளியேறும் இசைவை நீக்கியது. 2020-இல் பழைய முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாறவும் வழிவிட்டது. சவூதியும் 2021-இல் சில தளைகளைத் தளர்த்தியது. தளர்ந்தனவே அன்றி அறுபடவில்லை. 2024 சூன் 12-இல் குவைத்தின் மங்காப்பில் தொழிலாளர் நெருங்கி அடைந்து கிடந்த கட்டடம் தீப்பற்றியதே, அதில் மாண்ட இந்தியக் குடியினருள் தமிழ்நாட்டார் எழுவர். அவர்கள் எங்கே உறங்குவது என்பதைக்கூட அவர்கள் முடிவு செய்யவில்லை.

உறைவிசைவு அங்கே விற்பனைக்கும் உண்டு, வாங்குவோர்தாம் வேறு. அமீரகம் 2019-இல் தொடங்கிய 'பொன் நுழைவிசைவு', 20 இலக்கம் திர்காம் பெறுமான வீடுமனை வாங்குவார்க்குப் பத்தாண்டுத் தங்கலை வழங்குகின்றது. அதே ஆண்டில் சவூதி, 8 இலக்கம் இரியால் செலுத்துவார்க்கு முதலாளியின் பொறுப்பே வேண்டாத நிலைத்த உறைவை அறிவித்தது. அக்கட்டடங்களை எழுப்பியவன் செந்துறைக்குத் திரும்பிவிட வேண்டும்; வாங்கியவன் இருக்கலாம்.

சிங்கப்பூரில் இம்மறைப்பு இல்லை; ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் செல்வோர் பெறுவது வேலை இசைவு. மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணை கட்டுகின்றார். அவ்விசைவுடையார் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள இயலாது. நிலைத்த உறைவுக்கு விண்ணப்பிக்க இயலாது. அந்நாட்டுக் குடிமகளை மணக்கவும் அரசின் ஒப்புதல் வேண்டும். மேற்படிப்பும் உயர்ந்த சம்பளமும் உடையார்க்குரிய இசைவுகளே நிலைத்த உறைவுக்கு வழி திறப்பன. சிங்கப்பூருக்குப் போகின்றேன் என்று ஒரே சொல்லால் கூறும் இருவருள், ஒருவன் மகன் அங்கே பள்ளியில் படிப்பான். மற்றவன் மகன் தந்தையை ஈராண்டுக்கு ஒருமுறை பார்ப்பான். இருவர் கையில் உள்ள தாள் வேறு.

எனினும் அந்நாடு ஒன்று செய்கின்றது. வேலைக்கு வருவோர்க்குரிய முன்னொப்புதல் மடலில் சம்பளமும் பிடித்தங்களும் தொழிலாளியின் தாய்மொழியிலும் எழுதப்பட்டு வருகின்றன. தமிழன் தமிழிலேயே படித்துப் பார்த்துப் புறப்படலாம். அமீரகமும் 2016 சனவரி முதல், வேலை வழங்கும் மடலைத் தொழிலாளி தன் மொழியில் படித்துக் கையொப்பமிடவேண்டும் என்று வகுத்தது. அதற்கென அமைத்த பதினொரு மொழிகளுள் தமிழும் ஒன்று. அரபு நாட்டு அமைச்சகத்துக்குத் தமிழ் வேண்டியிருக்கின்றது! ஆனால் அப்படி ஒன்று உண்டென்பதே பெரம்பலூரில் பலர்க்குத் தெரியாது. முகவன் ஆங்கிலப் படியை நீட்டுகின்றான். இவன் விரல் காட்டிய இடத்தில் ஒப்பமிடுகின்றான். 'தமிழ்ப் படி எங்கே?' என்று கேட்பது மொழிப்பற்றால் மட்டும் அன்று. அதுவே அவன் சம்பளத்துக்குக் காப்பு.

இனித் தில்லி தரும் தாளைப் பார்க்கலாம். இந்தியக் கடவுச்சீட்டின் மேலட்டையிலும் உட்பக்கத்திலும் இந்தியும் ஆங்கிலமுமே உள. ஈழத் தமிழரைத் துரத்திய சிங்கள அரசின் கடவுச்சீட்டில்கூடச் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழ் அச்சாகியிருக்கின்றது. எட்டாவது அட்டவணையில் தமிழை எழுதிவைத்த அரசோ, தமிழன் உலகுக்குக் காட்டும் ஒரே அடையாளத்தில் ஓரெழுத்தும் தரவில்லை.

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரின் கடவுச்சீட்டில் 'குடிபெயர்வு ஒப்புதல் வேண்டும்' என்னும் குறிப்பு அச்சிடப்பட்டது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அவர்கள் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் காப்பாளரிடம் ஒப்புதல் பெறவேண்டும் என வகுக்கப்பட்டது. அதன்வழிச் சென்றவர்க்கு வேலை உடன்படிக்கை முன்பே பதிவாகும். முகவர் பெறத்தக்க கட்டணத்துக்கு 30,000 உருபாவும் வரியும் என எல்லை உண்டு. ஈராண்டுக்கு 275 உருபா செலுத்தினால், நேர்ச்சியில் இறந்தாலும் உறுப்பிழந்தாலும் 10 இலக்கம் உருபாக் காப்பீடும் உண்டு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவனைக் காக்க எழுந்த அக்குறிப்பு அவனுக்குப் புரியாத மொழியில் அச்சாகின்றது. எனவே அதனைக் காப்பு என அவன் உணரவில்லை. தடை என்றே உணர்ந்தான். 'அத்தொல்லை வேண்டாம், வருகை விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று முகவன் சொல்லும்போது மகிழ்ந்து தலையாட்டுகின்றான். அந்த நொடியில் பதிவும் காப்பீடும் கட்டண எல்லையும் மூன்றும் அவனை விட்டு நீங்குகின்றன.

கேரளம் 1996-இலேயே அயல்நாட்டு மலையாளிகட்கெனத் தனித்துறை கண்டது. தமிழ்நாடு 2011-இல் அயலகத் தமிழர் நலச் சட்டம் இயற்றியும், அதற்குரிய வாரியம் அமையப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 2022 முதல் சனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகின்றனர், கொண்டாடட்டும். அன்று சென்னை மேடையில் எரியும் விளக்குகளின் செலவில் ஒரு பங்கை எடுத்து, பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆட்சியர் அலுவலக வாயிலில் ஒரு தமிழறிந்த அலுவலரை அமர்த்தலாம். கையில் தாளோடு வருவோனுக்கு இது நுழைவிசைவா, பணியிசைவா, உறைவிசைவா என்று அவர் படித்துச் சொல்லட்டும். இம்மூன்று சொற்களையும் மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. தமிழமைப்புகளும் பெயர்ப்பலகைகளில் காட்டும் சினத்தில் சிறிதை இத்தாள்களின்மேலும் காட்டுதல் வேண்டும்.

வெளியே செல்லும் தமிழனுக்கு இவ்வளவு கேட்கையில், உள்ளே வந்த தமிழனைப் பற்றி வாய்மூடியிருத்தல் பொருந்தாது. பெரம்பலூர் நகரை ஒட்டிய துறைமங்கலத்தில் ஈழத்தமிழர் குடியிருப்பு உள்ளது. குடிபெயர்வுச் சட்டம் பிறந்த அதே 1983-இல் மூண்ட இனக்கொலைக்குப் பின்னர் அலையலையாய் வந்த மக்களின் வழியினர் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்கின்றனர். 2021-இல் தமிழ்நாட்டரசு 'ஏதிலியர்' என்பதை நீக்கி 'மறுவாழ்வு' என்று பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டத் தொடங்கியது. பெயரும் கூரையும் மாநில அரசு மாற்றத்தக்கவை. உறைவிசைவும் குடியுரிமையும் தில்லியின் கையில்.

ஏதிலியர் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவே இல்லை. 1987 சூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராய் இருத்தல் வேண்டும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய தாளின்றி வந்தோரைச் 'சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியோர்' என்று பெயரிட்டு, விண்ணப்பிக்கும் வாயிலையும் அடைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாக்கித்தான், வங்காளதேயம், ஆப்கானித்தான் நாட்டார் சிலர்க்கு அவ்வாயிலைத் திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தமக்குரிய கடவுச்சீட்டைப் பெறவே 2022-இல் உயர்நயன்மன்றத்தின் தீர்ப்பு வேண்டியிருந்தது. 2025 மே மாதத்தில் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா அறச்சாவடி அன்று என்று உச்ச நயன்மன்றம் கூறியது. அதே ஆண்டு செபுதம்பரில் வெளியான ஆணையோ, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழர் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்றித் தங்கியிருப்பதைத் தண்டிப்பதில்லை என்று சொல்லிற்று. தண்டனைதான் நீங்கியது, குடியுரிமை வரவில்லை.

அக்குடியிருப்பில் ஈழத்துப் பெற்றோர்க்கு 1990-க்குப் பின் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்தையே படித்து, பட்டமும் பெற்ற ஓரிளைஞனுக்குத் துபாயில் நல்ல வேலை கிடைக்கின்றது என்று கொள்ளலாம். முறையான பணியிசைவும், தமிழிலேயே எழுதிய வேலை மடலும் அவனுக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் பதித்துக்கொள்ள அவனிடம் இந்தியக் கடவுச்சீட்டு இல்லை.