பதிப்பறிதலும் பொய்யுரைத்தலும்

பணிசெயல் முறைமைகள் தம் பதிப்பெண்ணை மறைத்துரைக்கின்றன என்பது நிரலெழுதுவோர் பலரின் குற்றச்சாட்டாகும். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயின் குற்றவாளி வேறு. முறைமைகளைப் பொய்யுரைக்கப் பழக்கியோர் நிரலெழுதுவோரேயாவர்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் உள்ளெண் 5.1. முதலெண் ஐந்துக்குக் குறையாமலும் இரண்டாமெண் ஒன்றுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டுமென ஸ்கிரிப்டுகளும் செயலிகளும் தனித்தனியே சோதித்தன. விளைவு யாது? பின்னர் வந்த விஸ்டாவின் 6.0 இச்சோதனையில் தோற்றது. புதியது பழையதெனத் தள்ளப்பட்டது. இத்தகைய தவறுகளுக்கு அஞ்சியே விண்டோஸ் 7 தன் உள்ளெண்ணை 6.1 என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. 2013இல் வந்த 8.1, தன்னை அறிந்திருப்பதாக அறிவிக்காத செயலிகளுக்கு முன்னையதன் எண்ணாகிய 6.2ஐயே கூறிற்று. 2020இல் வந்த மக்ஓஎஸ் 11, பழைய கருவிகளால் ஆக்கப்பட்ட செயலிகளிடம் தன்னை 10.16 என்றது. 2021இல் வந்த விண்டோஸ் 11இன் உள்ளெண்ணும் 10.0 என்றே தொடங்குகிறது. 22000 முதலான கட்டமைப்பெண்ணே அதனை வேறுபடுத்திக் காட்டும்.

பதிப்பைச் சொற்சரமாக ஒப்பிட்டாற் போதுமே என்பர் சிலர். இக்கூற்று பொருந்தாது. அகராதியில் அடுக்குவதுபோல எழுத்தெழுத்தாக ஒப்பிடின் 10 என்பது 9க்கு முன் நிற்கும். புள்ளியிற் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எண்ணாகக் கொண்டு, இடமிருந்து வலமாக ஒப்பிடுவதே முறை. முதற்பகுதி பெரிதாயின் அடுத்ததை நோக்கவேண்டியதில்லை. லினக்ஸிலோ, உள்நுழையும்போது தோன்றும் வரவேற்பு வாசகத்தைத் துருவுவது பேதைமை. பெயரையும் பதிப்பையும் தனித்தனி வரிகளிற் கூறவென்றே ஓஎஸ்-ரிலீஸ் என்னும் கோப்பு உண்டு.

இஃது அற்ப விடயமன்று. நூறு கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இடும் ஸ்கிரிப்ட் பதிப்பைப் பிழையாக அறிந்து சிலவற்றைத் தாண்டிச் சென்றால், எச்சரிக்கை எதுவும் எழாது. திருத்தம் இடப்பட்டதென்றே நிருவாகி நம்புவார். வாயிலோ திறந்தே கிடக்கும்.

ஆதலின் ஒரு வசதி உண்டா என்பதே வினாவாயின், அவ்வசதியையே நேரிற் சோதித்தல் வேண்டும். பதிப்பை அறிந்தேயாக வேண்டிய இடத்து அதற்குரிய மூலத்திடம், எண்ணை எண்ணாகவே கேட்டல் வேண்டும். வினா திருந்தாதவரை விடையைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.